மாத்திரை என்னும் கால அளவு: நடுக்குவாதமும் நீண்டகால மருந்தும்

1

குஜிலியம்பாறையில் திண்டுக்கல் பஸ்ஸின் படிக்கட்டுக்கு முன்னால் என் பெரியப்பா நின்றுவிட்டார். கை கம்பியைப் பிடித்திருக்கிறது, கால் எழவில்லை. பின்னால் கூட்டம். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்ன பெருசு, காலைலயே ஊத்தியாச்சா? ஏறுனா ஏறு, இல்லாட்டி வழிய விடு" என்றார். பெரியப்பா கள்ளைக்கூடத் தொட்டதில்லை. பதில் சொல்ல வாய் திறந்தார், குரல் வெளியே வரவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, அவமானமும் இல்லை. இரண்டும் உள்ளே இருந்தன, முகம்தான் காட்டவில்லை. அரை மணி நேரம் கழித்து அடுத்த வண்டி வந்தபோது யாரும் தொடாமலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். இடையில் நடந்தது ஒன்றுதான்: காலையில் போட்ட மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. "கண்டக்டரு மேல தப்பில்லப்பா, பாக்குறவனுக்கு அப்படித்தான் தெரியும்" என்றார்.

நாம் உடலைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். உடல் ஒரு பிரதி, உடல்மீது எழுதப்படும் அதிகாரம், மருத்துவப் பார்வை என்று ஃபூக்கோவை முன்வைத்து நானும் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். நவீன மருத்துவம் என்றாலே நிறுவனம், நிறுவனம் என்றாலே கண்காணிப்பு என்ற சமன்பாட்டை அவற்றில் கேள்வி கேட்காமலேயே பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் தினம் நாலு வேளை, ஐந்து வேளை மாத்திரை போட்டுக்கொண்டு பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழ்கிற ஒரு உடலை அந்தச் சமன்பாட்டுக்குள் வைத்துப் பார்த்ததில்லை. வைத்துப் பார்த்தபோது சமன்பாடு நிற்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

முதல் சிக்கல் பெயரில் இருக்கிறது. ஊரில் நடுக்குவாதம் என்கிறோம். 1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிய சிறு நூலின் தலைப்பும் நடுங்கும் வாதம் என்ற பொருள் தருவதுதான். ஆனால் நோயின் மையம் நடுக்கம் அல்ல. அசைவு மெதுவாவதும் தசை இறுகுவதும்தான் மையம். நடுக்கமே இல்லாத நோயாளிகளும் உண்டு. சட்டைப் பொத்தான் போட நேரமாகும், எழுத்து வரவரப் பொடியாகும், நடக்கும்போது ஒரு கை வீசாது, முகபாவம் குறையும். நடுங்கினால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள். மெதுவானால் வயசாச்சு என்கிறார்கள், பெண்ணாக இருந்தால் சோம்பேறி என்கிறார்கள். எங்கள் உறவில் ஒரு அத்தைக்கு எழுத்துத் தெரியாது. வாசலில் போடும் கோலம் மாதாமாதம் சிறுத்துக்கொண்டே வந்தது. "மனசு இல்லாமப் போடுறா" என்றுதான் வீட்டில் சொன்னார்கள். அது ஒரு நோய்க்குறி என்று யாருக்கும் தோன்றவில்லை.

பார்க்கின்சனைப் பற்றி நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அவர் வெறும் மருத்துவர் அல்லர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் 'ஓல்ட் ஹூபர்ட்' என்ற புனைபெயரில் அரசுக்கு எதிரான துண்டறிக்கைகளை எழுதியவர். உழைக்கிறவர்களுக்கும் வாக்குரிமை கேட்ட இலண்டன் கரெஸ்பாண்டிங் சொசைட்டியின் உறுப்பினர். 1794இல் மன்னரைக் கொல்லச் சதி நடந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில் மந்திராலோசனை சபை முன் விசாரிக்கப்பட்டவர். நோயைப் பற்றிய அவருடைய நூல் ஆறே பேரை அடிப்படையாகக் கொண்டது. அவர்களில் சிலரை அவர் தெருவில் கண்டவர். எங்கள் ஊர் கண்டக்டர் பார்த்ததும் அதே மாதிரி ஒரு உடலைத்தான், தெருவில்தான். ஒருவர் நின்று விசாரித்தார், இன்னொருவருக்கு வண்டி கிளம்ப வேண்டியிருந்தது.

3

இந்த நோயில் மூளையின் அடிப்பகுதியில் 'கரும்பொருள்' எனப்படும் இடத்திலுள்ள நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அவைதாம் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரப்பவை. அசைவைத் தொடங்கவும் அளவாக நடத்தவும் டோபமின் வேண்டும். அதை நேராக மாத்திரையாகக் கொடுத்தால் மூளைக்குள் போகாது, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதை விடாது. அதன் முன்வடிவமான லெவோடோபாவை விடும். உள்ளே போனபின் அது டோபமினாக மாறுகிறது. இன்றுவரை இந்த நோய்க்குள்ள மருந்துகளில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை.

இந்த லெவோடோபாவின் வரலாற்றில் சென்னைக்கு ஒரு இடம் உண்டு. 1913இல் குக்கன்ஹைம் என்ற வேதியியலாளர் ஐரோப்பிய அவரை ஒன்றிலிருந்து இதை முதலில் பிரித்தார். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். பூனைக்காலியை நமக்குத் தெரியும். வேலியில் படர்ந்து கிடக்கும், அதன் காயிலுள்ள சுணை பட்டால் அரிப்பு உயிர் போகும், பள்ளிக்கூடத்தில் பிடிக்காதவன் சட்டைக்குள் போட்டுவிடுவோம். அதே விதைதான். ஆயுர்வேதமும் சித்தமும் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் விதையும் அதுதான்.

ஆனால் 1937இல் அந்தப் பொருளுக்கும் நடுக்குவாதத்துக்கும் தொடர்பு இருப்பது உலகில் யாருக்கும் தெரியாது. அது தெரிய இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. அதற்கும் ஒரு செடி வேண்டியிருந்தது. சர்ப்பகந்தி வேரை நம் நாட்டு வைத்தியர்கள் பித்துக்குக் கொடுத்துவந்தார்கள். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைச் சுவிட்சர்லாந்தில் பிரித்தார்கள். ரெசர்பின் செலுத்திய முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. 1957இல் சுவீடனில் கார்ல்சன் அந்த முயல்களுக்கு டோபாவைக் கொடுத்தார், எழுந்துகொண்டன. அடங்கிப்போன அசைவுக்கும் டோபமினுக்கும் உறவு இருப்பது அப்போதுதான் துலங்கியது. 1960இல் வியன்னாவில் இறந்த நோயாளிகளின் மூளையைச் சோதித்து டோபமின் குறைவை உறுதி செய்தார்கள். 1967இல் நியூயார்க்கில் கோட்சியாஸ் வாய்வழியாகச் சிறிது சிறிதாக அளவைக் கூட்டிக் கொடுத்து, படுத்துக் கிடந்தவர்களை நடக்க வைத்தார். 1970களில் கார்பிடோபா சேர்ந்தது. லெவோடோபா மூளையை எட்டும் முன்பே உடம்பில் வீணாகாமல் இது தடுக்கிறது. மருந்தின் அளவும் குமட்டலும் வெகுவாகக் குறைந்தன. இன்று கடையில் வாங்கும் மாத்திரை இந்த இரண்டும் சேர்ந்தது.

இந்த வரலாற்றை இரண்டு விதமாகத் தவறாக வாசிக்கலாம். 'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' என்பது ஒன்று. விதை இருந்தது. ஆனால் எந்த உடலில், எந்த இடத்தில், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பது இல்லை. 'இங்கிலீஷ் மருந்து விஷம், பூனைக்காலிப் பொடி இயற்கை' என்பது இரண்டாவது. இது நம் தோழர்கள் பலரிடம் உள்ள வாசிப்பு. மாத்திரையில் இருப்பதும் விதையில் இருப்பதும் ஒரே மூலக்கூறு என்பதை இது மறந்துவிடுகிறது. பொலிவியாவில் மாத்திரை வாங்க முடியாத நோயாளிகளுக்காகப் பூனைக்காலிப் பொடியைச் சோதித்தார்கள். 2017இல் வெளியான முடிவில், 18 பேரிடம் ஒரு வேளை கொடுத்துப் பார்த்ததில் மாத்திரைக்கு நிகராகவே வேலை செய்தது. ஆனால் அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில், வாரக்கணக்கில் தொடர்ந்து கொடுத்தபோது 14 பேரில் 7 பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். சிலருக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை, சிலருக்கு அசைவு மோசமானது. ஒரு வேளைக்குச் சரியாக இருப்பது பல ஆண்டுகளுக்குச் சரியாக இருக்கும் என்பதில்லை. இந்த நோயில் எல்லாக் கேள்விகளும் கடைசியில் கால அளவில்தான் வந்து நிற்கின்றன.

4

முதல் சில ஆண்டுகள் மாத்திரை அற்புதமாக வேலை செய்யும். மூன்று வேளை போட்டால் போதும், நாள் முழுக்கச் சமமாக இருக்கும். அதன்பின் மாறத் தொடங்குகிறது. ஏன் என்பதை எங்கள் பக்கத்துக் குளங்களைக் கொண்டு சொல்வது எளிது. இது வானம் பார்த்த பூமி. மழை நாலு நாள் பெய்தாலும், குளம் ஆழமாக இருந்தால் பிடித்துவைத்துக்கொண்டு மடை வழியாக மாதக்கணக்கில் விடும். குளம் தூர்ந்துபோனால்? பெய்த அன்று வெள்ளம், நாலாம் நாள் வறட்சி. மழையில் குறை ஒன்றுமில்லை, பிடித்துவைக்க இடமில்லை.

எஞ்சியிருக்கும் நரம்பணுக்கள்தாம் குளம். ரத்தத்தில் லெவோடோபாவின் அளவு ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். தொடக்கத்தில் அணுக்கள் அதை வாங்கிச் சேமித்து நிதானமாக வெளியிடுகின்றன. நோய் முற்ற முற்றச் சேமிக்கும் அணுக்கள் குறைகின்றன. அப்போது ரத்தத்தின் ஏற்ற இறக்கம் அப்படியே உடலின் ஏற்ற இறக்கமாகிறது. அடுத்த வேளைக்கு முன்பே மருந்து தீர்ந்து உடல் இறுகிப்போகிறது. உச்சத்தில் இருக்கும்போது தலையும் தோளும் தாமாகவே நெளிந்து ஆடுகின்றன. பார்க்கிறவர் கண்ணுக்கு முன்னது குடிகாரன், பின்னது பேய் பிடித்தவன். "பதினோரு மணிக்கு ஒங்க பெரியப்பா வேற ஆளு, ஒரு மணிக்கு வேற ஆளு. நான் ரெண்டு பேரோட குடித்தனம் பண்றேன்" என்பார் பெரியம்மா. எந்த மருத்துவக் குறிப்பிலும் இதைவிடத் துல்லியமான விவரணையை நான் படித்ததில்லை.

இதைச் சமாளிக்க வழிகள் உண்டு. அளவைப் பிரித்து அடிக்கடி கொடுப்பது, மருந்தின் வேலையை நீட்டிக்கும் என்டகபோன், ரசகிலின் போன்றவற்றைச் சேர்ப்பது, நெளிவாட்டத்துக்கு அமன்டடின் கொடுப்பது, தகுதியுள்ளவர்களுக்கு மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவை செய்வது. புரதம் நிறைந்த சாப்பாடும் மாத்திரையும் ஒரே கதவுக்குப் போட்டி போடுபவை. எனவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாகவோ ஒரு மணி நேரம் கழித்தோ மாத்திரை போடச் சொல்கிறார்கள். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு பருப்பையும் முட்டையையும் அடியோடு நிறுத்தி மெலிந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றத்தான் சொன்னார்கள்.

5

இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து ஒரு நம்பிக்கை பிறந்தது. 'லெவோடோபா ஐந்து வருடம்தான் வேலை செய்யும், அதனால் முடிந்தவரை தள்ளிப் போடு.' இது நோயாளிகளின் மூடநம்பிக்கை அல்ல, மருத்துவர்களிடையே நெடுநாள் வழங்கிய சொல்லாடல். பெரியப்பாவுக்கு 2011இல் நோய் தெரிந்தது. பார்த்த மருத்துவர், "இப்பவே செலவழிச்சுட்டா பின்னாடி கையில ஒண்ணும் இருக்காது" என்று சொல்லி டிரைஹெக்சிஃபெனிடில் மட்டும் எழுதிக் கொடுத்தார். நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. நாக்கு வறண்டது, சிறுநீர் தேங்கியது, சொந்த மகன் பெயரே மறந்தது. வயதானவர்களுக்கு இந்த மருந்து நினைவைக் குழப்பும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. மூன்று ஆண்டுகள் அப்படிப் போயின. நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்த காட்டைக் குத்தகைக்கு விட்டார். 2014 கடைசியில்தான் லெவோடோபா தொடங்கினோம். இரண்டு மாதத்தில் மண்வெட்டி பிடித்தார். ஆனால் காடு கையைவிட்டுப் போயிருந்தது.

அதே 2014இல் வெளியான ஓர் ஆய்வு கானாவையும் இத்தாலியையும் ஒப்பிட்டது. கானாவில் மருந்து கிடைக்காத காரணத்தால் நோயாளிகள் சராசரியாக நாலு ஆண்டுகளுக்கு மேல் கழித்தே லெவோடோபாவைத் தொடங்கினார்கள். இத்தாலியில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டில். தள்ளிப் போட்டால் பின்னால் நல்லது என்பது உண்மையானால், கானா நோயாளிகளுக்கு ஏற்ற இறக்கமும் நெளிவாட்டமும் தாமதமாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. நோய் தொடங்கி ஏறக்குறைய அதே காலத்தில்தான் இரு நாட்டிலும் வந்தன. அதாவது இந்தச் சிக்கல்களை நிர்ணயிப்பது நோயின் வயதும் மருந்தின் அளவும்தான், மருந்து தொடங்கிய தேதி அல்ல. 2019இல் நெதர்லாந்தில் 445 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு வெளியானது. ஒரு பிரிவுக்கு உடனே மருந்து, இன்னொரு பிரிவுக்கு 40 வாரம் கழித்து. 80 வார முடிவில் இரு பிரிவுக்கும் நோயின் நிலையில் வேறுபாடில்லை. மருந்து நோயை மெதுவாக்கவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. தள்ளிப்போட்டவர்கள் இடைப்பட்ட நாட்களின் நடமாட்டத்தை இழந்ததுதான் மிச்சம். அளவை மருத்துவர் நிதானமாகத்தான் கூட்ட வேண்டும், தேவைக்கு மேல் போகக்கூடாது. ஆனால் உழைத்துச் சாப்பிடுகிற ஒருவருக்கு நடமாட்டம் குறைந்து வாழ்க்கை தடைபடும்போது, மருந்தைச் 'சேமித்து' வைப்பதால் சேமிப்பாவது எதுவும் இல்லை.

'செலவழித்தல்', 'சேமித்தல்' என்ற இந்தப் பொருளாதார உருவகத்தைக் கவனியுங்கள். மருந்து ஒரு வங்கி இருப்பு போலவும் நோயாளி ஊதாரி போலவும் அது கட்டமைக்கிறது. இருப்பு உள்ளவனுக்குத்தான் அந்த உருவகம் பொருந்தும். அன்றாடங்காய்ச்சிக்கு இன்றைய கூலிதான் இருப்பு.

6

சில எச்சரிக்கைகளைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவை தெரியாமல் எங்கள் பக்கத்தில் ஆட்கள் கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

நீண்ட நாள் போட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடுங்காய்ச்சலும் உடல் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கோயில் விரதம், நாட்டு வைத்தியத்துக்கு மாறுவது, கடையில் சரக்கு இல்லாமை, எந்தக் காரணமானாலும் சரி. வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் சாதாரணமாகக் கொடுக்கப்படும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெராசின் போன்றவை டோபமினைத் தடுப்பவை. இந்த நோயாளிகளுக்கு அவை நோயைக் கூட்டும், நோயில்லாதவருக்கும் நோய் வந்தது போலக் காட்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் மாத்திரைச் சீட்டை முதலில் காட்ட வேண்டும்.

இன்னொன்றை வெட்கத்தால் யாரும் பேசுவதில்லை. பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவை டோபமினைப் போலவே நடிக்கும் மருந்துகள். பலருக்கு நல்ல பலன் தருகின்றன. சிலருக்கு அடக்க முடியாத சூதாட்டம், கண்மண் தெரியாத செலவு, காம வேட்கை ஆகியவற்றைக் கிளப்பிவிடுகின்றன. 2010இல் அமெரிக்கா, கனடாவில் 3090 நோயாளிகளிடம் எடுத்த கணக்கில் 13.6 சதவீதம் பேருக்கு இப்படி ஏதாவது ஒன்று இருந்தது, இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17 சதவீதம். வீட்டில் என்ன சொல்வார்கள்? "வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சு." மருந்தை மருத்துவர் மெல்லக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும் ஒன்றை ஒழுக்கக்கேடாக்கி மனிதரைத் திண்ணைக்குத் தள்ளிவிடுகிறோம். 'தன்னிலை' என்பது மொழியால் கட்டப்படுகிறது என்று நாம் விவாதித்துக்கொண்டிருந்தோம். சில மில்லிகிராமாலும் கட்டப்படுகிறது, அவிழ்கிறது. இதைச் சேர்த்துக்கொள்ளாத தன்னிலைக் கோட்பாடு அரைகுறையானது.

7

இரண்டு வருடம் முன் பெரியப்பா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வீட்டில் அவருக்கு மாத்திரை காலை ஆறு, ஒன்பதரை, பகல் ஒன்று, மாலை நாலரை, இரவு எட்டு. வார்டில் மாத்திரை வண்டி வரும் நேரம் காலை எட்டு, பகல் இரண்டு, இரவு எட்டு. வீட்டு மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார்கள், விதி அப்படி. இரண்டாம் நாள் அவரால் விழுங்க முடியவில்லை, திரும்பிப் படுக்க முடியவில்லை. "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். பெரியம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குக் கால் திறந்தது, எப்போது ஆட்டம், எப்போது இறுக்கம் என்று மூன்று வருடமாக எழுதி வைத்தது. அதைக் காட்டினார். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்மா" என்றார்கள்.

ஃபூக்கோ சொன்ன மருத்துவப் பார்வை இதுதானே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் பாதிதான். அந்த அறையில் பெரியம்மா கேட்டது மருத்துவத்திலிருந்து விடுதலை அல்ல. ஒன்பதரை மணி மாத்திரையை ஒன்பதரைக்குக் கொடுங்கள் என்பதுதான். அவருடைய நோட்டு மருத்துவத்துக்கு எதிரான அறிவு அல்ல. மருத்துவம் தன் வேலையைச் செய்யத் தேவையான, ஆனால் தன்னால் தயாரித்துக்கொள்ள முடியாத அறிவு. நரம்பியல் மருத்துவர் ஆறு மாதத்துக்கொரு முறை பத்து நிமிடம் பார்க்கிறார். மீதி நேரமெல்லாம் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

தமிழ் படித்தவனுக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். மாத்திரை என்பது நம் இலக்கணத்தில் காலத்தின் அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் அதற்கு அளவாகத் தொல்காப்பியம் சொல்கிறது. நடுக்குவாதத்தில் கண் இமைப்பது குறைகிறது. மருத்துவர் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தட்டச் சொல்லித்தான் நோயை அளக்கிறார். இந்த உடல் இழப்பது அந்த இரண்டு அளவையும்தான். விழுங்கும் மாத்திரை அவற்றைச் சில மணி நேரம் திருப்பித் தருகிறது. நேரம் தவறிய மாத்திரை, அந்தப் பழைய பொருளில், மாத்திரையே அல்ல.

எனவே நம் கோரிக்கைகள் சின்னவை, தெளிவானவை. நோயாளி தன் மாத்திரையை வார்டில் தன் கையிலேயே வைத்துக்கொள்ளவோ, தன் நேரப்படி பெறவோ உரிமை வேண்டும். இங்கிலாந்தில் நோயாளிகள் அமைப்பு 2006 முதல் 'நேரத்துக்குக் கொடு' என்று இதற்காகவே இயக்கம் நடத்துகிறது. லெவோடோபா-கார்பிடோபா உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இந்தியப் பட்டியலிலும் இருக்கிறது. பட்டியலில் இருப்பது போதாது, தாலுகா ஆஸ்பத்திரியில் மாதம் தவறாமல் இருக்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர முடியும் என்று காட்டியிருக்கிறது. படிக்கட்டு ஏற முடியாதவருக்கு அந்தப் பையில் இந்த மாத்திரையும் வேண்டும். இவற்றுக்குப் பெரிய தத்துவம் ஒன்றும் தேவையில்லை. நமது தோழர்கள் கையெழுத்து இயக்கமாகத் தொடங்கலாம். குஜிலியம்பாறையில் முதல் கையெழுத்துப் போடப் பெரியப்பா தயார். எழுத்துப் பொடியாக இருக்கும், பதினோரு மணிக்கு வந்தால் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.